தேய்க்கத் தேய்க்கக் கறுத்த குழாய்

எங்கள் மூத்தோர் கூடும் மண்டபத்தில் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சிறுவயது நினைவு எழுதித் தரவேண்டுமாம். மற்றவர்கள் மாங்காய் களவெடுத்ததையும் தேர்த் திருவிழாவில் தொலைந்துபோனதையும் எழுதுவார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எனக்குச் சிறுவயது இரண்டு தரம் வந்தது. முதலாவது எல்லோருக்கும் போல ஊரில் வந்து போனது. இரண்டாவது, அறுபது வயது தாண்டிய பிறகு, மொன்றியல் விமான நிலையத்தில் மகள் வந்து என் கையைப் பிடித்த நேரத்தில் தொடங்கியது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம்.

மொன்றியலுக்குப் பக்கத்தில், ரொக்ஸ்பரோவில், மகள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. ஒன்பது வயதுப் பேத்திக்குக்கூட என்னைவிட அதிகாரம் இருந்தது. வீட்டுத் திறப்பு அவள் கழுத்தில்தான் தொங்கும். வாசல் மணி அடித்தால் நான் கதவைத் திறக்கக் கூடாது. தொலைபேசி வந்தால் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். வீதியைக் கடக்கும்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும் அறைக்குள் நான் போனால் கதை டக்கென்று நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே அப்படி நடக்கும். நல்லவேளையாக நான் அதிகம் கேள்வி கேட்காத பிள்ளை.

கதை நின்றுபோனதற்குக் காரணம் இருந்தது. வந்த முதல் கிழமை மெத்ரோ என்கிற நிலக்கீழ் ரயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பொலிஸ்காரர், இடுப்பில் துவக்கோடு, யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு நின்றார். பாவம், அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குக் கால் விட்டுப்போய் ரயிலுக்கு இறங்கும் படியிலேயே இருந்துவிட்டேன். ஊரில் துவக்கு எங்கள் வாசலுக்கு வந்த நாட்கள் உண்டு. அவற்றை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. கடைசியில் அந்தப் பொலிஸ்காரர்தான் ‘மதாம், மதாம்’ என்று குனிந்து தண்ணீர் தந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அம்மாவின் காதில் துவக்கு என்ற சொல் விழக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் அதே வீட்டின் பேஸ்மென்டில் என் மருமகன் ஒரு துவக்குச் செய்துகொண்டிருந்தார்.

களவாக அல்ல. படிக்க வேண்டியதைப் படித்து, முறையாக அனுமதி எடுத்துத்தான். அது ஆளைச் சுடுகிற துவக்கும் அல்ல, மானைச் சுடுகிறதும் அல்ல. நெடுந்தூரத்தில் ஒட்டிவைத்த கடதாசியைக் குறிபார்த்துச் சுடுகிற பந்தயத் துவக்கு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. நீங்கள் குழம்பக் கூடாதென்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மருமகன் விமானங்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். பேச்சுக் குறைந்த மனிதர்; தானும் ஊர் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர், அதைப்பற்றி வாயே திறக்கமாட்டார். பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர், மனைவி இல்லாதவர், தனியே இருந்தார். நாங்கள் அவரை மிசியே என்றுதான் சொல்வோம். அவரும் ஒரு காலத்தில் இரும்பு வேலை செய்தவர். அவருடைய கராஜில் சொந்தமாகக் கடைசல் இயந்திரம் நின்றது. மருமகனுக்குப் பிரெஞ்சு அரைகுறை. மிசியேக்கு ஆங்கிலம் அதைவிட மோசம். ஆனால் இருவரும் ஒரு இரும்புத் துண்டை நடுவில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ‘ம்’, ‘ம்ஹூம்’ என்று கதைப்பார்கள். சண்டை வந்தாலும் அதே இரண்டு சொல்லில்தான்.

பழைய உலக யுத்தத்துத் துவக்கு ஒன்றின் நடுக்கூடு, அதாவது தோட்டா உள்ளே போய் வெளியே வருகிற இரும்புப் பகுதி, மிசியேயிடம் இருந்தது. குழல் வேறெங்கோ படைக் களஞ்சியத்தில், கொழுப்புப் பூசிப் பெட்டிக்குள் கிடந்து, ஒருநாளும் பாவிக்கப்படாமல் வந்தது. என் மணிக்கட்டுத் தடிப்பு இருக்கும். அப்படித் தடித்த குழல் சூடேறினாலும் அசையாதாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்குமாம். அதுபோல இன்னொன்று இனித் தேடினாலும் கிடைக்காது என்று மிசியே சொல்லியிருந்தார். குழலும் கூடும் எங்கள் பேஸ்மென்டில் இருந்தன. மரப்பகுதி மிசியேயின் கராஜில் இருந்தது. மற்றச் சின்னப் பாகங்கள் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருந்தன. ஆகவே நான் கண்டதெல்லாம் ஒரு பாரமான குழாயைத்தான்.

உடுப்புக் கழுவுகிற மெசினும் பேஸ்மென்டில்தான். நான் படியில் இருந்து துவாய்களை மடித்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். அவர் அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு நிறுத்துவார். கறுப்பு மையை மெல்லியதாகத் தடவி, ஒரு துண்டை மற்றத் துண்டோடு பொருத்திப் பார்ப்பார். மை எங்கே ஒட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் இன்னொரு இழுப்பு. ஒரு பின்னேரம் முழுக்க இதையே செய்துவிட்டு, கடைசியில் அரத்தில் ஒட்டியிருக்கிற தூளைப் பார்த்தால் ஒரு சிட்டிகை உப்பளவுகூட இருக்காது. அலுப்போ சலிப்போ அந்த முகத்தில் நான் கண்டதில்லை. பொறுமையான பிள்ளைக்குத்தான் மகளைக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

“தம்பி, இது என்ன?” என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

அவர் படியால் இறங்கி வந்த என் மகளைப் பார்த்தார். மகள் மேலே பார்த்தாள்.

“ஒரு... குழாய், மாமி. மெசினுக்கு.”

“பிளேனுக்கோ?”

“ஓம். அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ.”

நான் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன், எங்கள் மருமகன் வீட்டிலேயே பிளேனுக்குக் குழாய் செய்கிறார் என்று.

அந்த வருடம் யூன் மாதம் வாணவெடி விடுகிற நாளில் வீதி முழுக்கச் சனம் வெளியே நின்றது. மருமகன் மட்டும் பேஸ்மென்டில், பெரிய சத்தம் போடுகிற மெசினை ஓடவிட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவு வேலைப் பிரியம் என்று நினைத்தேன்.

கோடையில் மிசியே அந்தத் துவக்கைக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தாராம். அடி எல்லாம் ஒரே இடத்தில். மருமகன் கூடப் போவார், பாரம் தூக்குவார், கடதாசி மாற்றுவார், கணக்குப் பார்ப்பார். தான் செய்ததைத் தான் மட்டும் சுட்டதில்லை. ‘அடுத்த வருசம்’ என்பாராம். ஆனால் அதே வருடம் மிசியே தன் வீட்டை விற்றுவிட்டு, பனிக்கு முன் தூரத்தில் இருக்கும் மகளிடம் போகிறதாகச் சொல்லிவிட்டார். ஒக்டோபர் மாதத்து விடுமுறைத் திங்கட்கிழமைதான் துவக்குச் சுடுகிற மைதானத்தில் அந்த வருடத்துக் கடைசி நாள். ‘அன்றைக்கு நீ சுடாவிட்டால், நீ சுடுவதை நான் பார்க்கப்போவதே இல்லை’ என்று மிசியே சொன்னார். மருமகன் பெயர் கொடுத்துவிட்டார்.

இனி மிச்சமிருந்தது ஒரு வேலை. குழலுக்குக் கறுப்பேற்றுவது.

இந்த வேலையை நான் கண்ணால் கண்டேன், ஆனால் தலைகீழாக விளங்கிக்கொண்டேன். குழலில் அவரே ஒரு மருந்தைத் தடவித் துருப்பிடிக்க விடுவார். சிவப்பாகத் துரு பூத்ததும், நீளமான தகரத் தொட்டியில் கொதிநீர் வைத்து அதை அவிப்பார். சிவப்பு கறுப்பாக மாறும். மெல்லிய கம்பிப் பஞ்சால் மெதுவாகத் தேய்ப்பார். மறுநாள் மறுபடியும் மருந்து, துரு, அவியல், தேய்ப்பு. ஒவ்வொரு தரமும் கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு நீலம் ஓடும். பூசின நிறம் இல்லை. இரும்பே நிறம் மாறுவது. எப்பேர்ப்பட்ட வேலை!

நான் கண்டது வேறு. ஒரு நல்ல பிள்ளை துருப்பிடித்த குழாயைக் கொண்டுவந்து, வேலை முடிந்து வந்த களைப்போடு ஒவ்வொரு நாளும் அவித்து அவித்துத் தேய்க்கிறது; அதுவோ தேய்க்கத் தேய்க்கக் கறுத்துக்கொண்டு போகிறது.

“தேய்க்கத் தேய்க்கக் கறுக்குது, தம்பி,” என்றேன்.

“ஓம் மாமி. நல்லா வருகுது,” என்றார்.

தன்னைத்தானே தேற்றுகிறார் என்று எண்ணினேன். ஆம்பிளைகளுக்குக் கரி போக்கத் தெரியுமா?

சரஸ்வதி பூசை வெள்ளிக்கிழமை வந்தது. என் கணவர் ஊரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். அன்றைக்கு நட்டுத் திருகுகிற சாவி, சுத்தியல், காற்றுப் பம்பி எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்குவோம். பூசைக்கு வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுத்து வேலை தொடங்குவது. மகள் வீட்டில் பேத்தியின் புத்தகங்களையும் ஒரு கம்ப்யூட்டரையும் மட்டும் வைத்துவிட்டு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். உழைக்கிற மனிசனின் ஆயுதம் கீழே கரிபிடித்துக் கிடக்கிறது. எனக்கு மனம் கேட்கவில்லை.

பேஸ்மென்டில் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. குழாயைத் துவாயில் போட்டு இழுத்துக்கொண்டு போய் மடியில் வைத்தேன். பழப்புளியைக் கரைத்து, சாம்பலுக்குப் பதிலாக உப்பைச் சேர்த்து, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரித் தேய்க்கத் தொடங்கினேன். முதலில் கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. கறுப்புத் தண்ணீராக ஓட ஓட, உள்ளே இருந்து வெள்ளி மாதிரி இரும்பு எட்டிப் பார்த்தது. பத்து விரலும் எரிந்தது. ஆனால் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கனடாவுக்கு வந்து கண்டதில்லை. ஒரே ஒரு குறை. குழாயின் இரண்டு முனையிலும் மரத் தக்கை அடித்து மெழுகு வைத்து அடைத்திருந்தது. பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை. உள்ளே கழுவ முடியவில்லை.

அதைத் துடைத்து மேலே கொண்டுவந்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத் துணி விரித்து வைத்தேன். எது நெற்றி என்று தெரியவில்லை. அதனால் மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன்.

பேத்தி பள்ளியால் வந்து சப்பாத்தோடு நின்றாள்.

“அம்மம்மா, இது அப்பாடை குழாயோ?”

“ஓம். வடிவாயிருக்கோ?”

“கறுப்பு எங்கை?”

“பழப்புளிக்குப் போகாத கறுப்பு இருக்கே!”

“ஓ மோன் தியூ,” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினாள்.

மகள் வேலையிலிருந்து பாதியில் வந்தாள். கோட்டுக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறியள்?”

“பூசைக்கு வைச்சனான் பிள்ளை.”

“அதைக் கறுப்பாக்கத்தானே அந்த மனிசன் இவ்வளவு நாளும் கிடந்து மாயிறார்!”

“கறுப்பாக்கிறதோ? ஆர் பிள்ளை வேணுமெண்டு ஒரு சாமானைக் கறுப்பாக்குவினம்?”

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி எனக்குப் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீதி கடக்கும்போது பிடிக்கிற மாதிரி.

பின்னேரம் மருமகன் ரயிலால் இறங்கி வந்தார். வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றார். கனநேரம் நின்றார். தொடாமல் குனிந்து ஒரு முனையைப் பார்த்தார். மற்ற முனையைப் பார்த்தார்.

“மாமி, உள்ளுக்குத் தண்ணி விட்டனீங்களோ?”

“விடத்தான் பார்த்தனான் தம்பி. தக்கை கழரேல்லை.”

அவர் ஒரு மூச்சு விட்டார். வெளியே கறுப்புப் போனால் போகட்டுமாம், உள்ளே உப்பும் புளியும் போயிருந்தால் குழல் அதோடு முடிந்திருக்குமாம். மகள் பிறகு சொன்னாள். அதற்குள் வெள்ளை இரும்பில் அங்கங்கே செம்மஞ்சளாகப் புள்ளி பூக்கத் தொடங்கியிருந்தது. அவர் எடுக்கக் கை நீட்டினார்.

நான் யாரையும் மறித்துப் பேசாதவள். அன்று எங்கிருந்துதான் குரல் வந்ததோ. “தம்பி, இண்டைக்கு எடுக்கக்கூடாது. பூசையிலை இருக்குது,” என்றேன்.

“அம்மா, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ!” என்று மகள் சீறினாள். “விடியிறதுக்குள்ளை துரு திண்டுபோடும். திங்கக்கிழமை அவர் போகவேணும்.”

மருமகன் நீட்டின கையை எடுத்துவிட்டார். கொஞ்சம் யோசித்தார்.

“மாமி, எண்ணெய்க்காப்புச் செய்யலாம்தானே?”

நானும் யோசித்தேன். “அது செய்யலாம்.”

கீழே போய்த் தன்னுடைய எண்ணெய்ப் போத்தலும் வெள்ளைத் துணியும் எடுத்து வந்தார். படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இருந்த இடத்தை விட்டு அசைக்காமல், குழலுக்கு எண்ணெய் பூசினார். புள்ளி ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தேடித் துடைத்தார். நான் வைத்த மூன்று பொட்டையும் அழிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். எந்த ஐயரும் அவ்வளவு கவனமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் மிசியே மரப்பகுதியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக் குழலைக் கண்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். ஏதோ சொன்னார்.

“வெள்ளையாயும் சுடுமாம்,” என்று பேத்தி மொழிபெயர்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் மருமகன் குழலை எடுத்து, நடுக்கூட்டோடு பூட்டி, குசினி மேசையில் மரத்துக்குள் இறக்கிவிட்டார். தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி, ஒரு மயிரிடை விடாமல் போய் இருந்தது. அந்தப் பொருத்தத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றேன். பிறகுதான் முழுவதையும் பார்த்தேன். பின்பக்கம் தோளுக்கு வைக்கிற மரம். முன்பக்கம் என் குழாய்.

நான்கு பேரும் என் முழங்காலைப் பார்த்தார்கள். மகள் கதிரையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

எனக்கு அதில் இருக்க வேண்டிவரவில்லை. முதல்நாள் மடியில் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் துடைத்துப் பொட்டு வைத்த பொருள். குளிப்பாட்டின ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது?

“தம்பி, இவ்வளவு பாரமான துவக்கை ஆர் தூக்குறது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் தூக்கேலாது, மாமி. நிலத்திலை படுத்திருந்துதான். இதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரையும் கலைச்சுக்கொண்டு ஓடேலாது.”

யுத்தத்துக்குப் போன இரும்பை எடுத்து, யுத்தத்துக்கு உதவாமல் செய்திருக்கிறார். இதைவிடக் கெட்டித்தனம் என்ன இருக்கிறது.

“அப்ப நானும் வாறன்,” என்றேன். மகள் எனக்கு ஒரு கம்பளித் தொப்பி தேடப் போனாள்.

திங்கட்கிழமை போன மைதானம் நகரத்துக்கு வெளியே, மேப்பிள் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பளித் தொப்பிக்கு மேலே என் காதுகளுக்குப் பெரிய மூடி போட்டுவிட்டார்கள். நானும் பேத்தியும் கயிற்றுக்குப் பின்னால் மடிக்கிற கதிரையில் இருந்தோம். முன்னால் வரிசையாக ஆட்கள் பாயில் குப்புறக் கிடந்தார்கள். எல்லோருடைய துவக்கும் கறுப்பு. எங்களுடையது மட்டும் மினுங்கியது. இரண்டொருவர் வந்து மிசியேயிடம் விசாரித்தார்கள். மிசியே என் பக்கம் கையைக் காட்ட, அவர்கள் தொப்பியைத் தூக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சூடு தொடங்கியது. மூடிக்கு மேலாலும் தேங்காய் உடைகிற மாதிரிக் கேட்டது. என் கையைப் பார்த்தேன். தேத்தண்ணிப் போத்தலை ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் துவக்கு பேசவில்லை. பக்கத்தில் கிடந்தவர்கள் சுட்டார்கள், நிறுத்தினார்கள், மறுபடி சுட்டார்கள். மருமகன் கன்னத்தை மரத்தில் வைத்தபடி அப்படியே கிடந்தார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. பக்கத்துச் சூடு ஒவ்வொன்றுக்கும் அவருடைய சப்பாத்து மண்ணை ஒருதரம் உதைத்தது. நல்ல வேலைக்காரர், அவசரப்படமாட்டார், கால் ஊன்ற இடம் பார்க்கிறார் என்று நான் பேத்திக்குச் சொன்னேன். மிசியே சிரமப்பட்டு முழங்காலில் இருந்து, தன் உள்ளங்கையை விரித்து அவர் முதுகில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு சத்தம். எங்களுடையது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு ஆறுதலாக ஒன்றன்பின் ஒன்றாக.

கடதாசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதலாவது அடி எங்கேயோ ஓரத்தில். மற்றவை எல்லாவற்றையும் ஒரு குங்குமச் சிமிழ் மூடியால் மூடிவிடலாம். பரிசு வேறு யாருக்கோ போனது. மிசியே மருமகனை இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, மூக்கைச் சீறிக்கொண்டு தன் காருக்குப் போனார்.

மருமகன் எங்கள் காருக்கு வந்தார். நான் போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமி, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நீங்கள் தேய்ச்சு வைச்சதைக் கண்ட உடனை, உள்ளுக்குத் தண்ணி போயிருக்கோணும் எண்டு அந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டு நேர்ந்தனான்.”

பாவம், உள்ளேயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்கும் குறை இருந்திருக்கிறது.

“அதுக்கென்ன தம்பி,” என்றேன். “வாற வருசம் அந்தத் தக்கையைக் கழட்டித் தாங்கோ. உள்ளுக்கும் வடிவாக் கழுவி விடுறன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். காரில் சாய்ந்துகொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். தூரத்தில் நின்ற மகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கோப்பை பிடித்த கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி விரலில் ஊற்றியது. ஒக்டோபர்க் குளிர் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, என் சால்வையை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போட்டுவிட்டேன்.